குடும்பத்தோடு ஏறும் வண்டி

மேல்நாட்டுக் களியாட்டுப் பூங்காக்களிலே, ரோலர் கோஸ்டர் என்னும் வண்டி ஏறும் வாயிலில் அளவுகோலொன்று நட்டு வைக்கப்பட்டிருக்கும். அக்கோலிற் குறித்த கோட்டுக்குத் தலை எட்டாத சிறுவன் வண்டியேறலாகாது. தமையன் உள்ளே செல்வான். தம்பி அழுதுகொண்டு வெளியே நிற்பான். பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் அவனுக்குக் காவலிருப்பர். கூடிக் களிக்க வந்த குடும்பம் வாயிலிலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நாம் ஈண்டுக் கூற விழைவது இப்பிரிவினையைக் குறித்ததேயாம்.

கோலின்மீது குறை கூறுதல் நம் நோக்கமன்று. உடலை இருக்கையோடு பிணிக்கும் இரும்புத்தண்டு வளர்ந்தோரின் உடலுக்குப் பொருந்தச் செய்யப்பட்டது. சிற்றுடல் அதனினின்று நழுவிவிடக்கூடும். ஆதலின் கோல் வேண்டுவதே. சிறுவரை விலக்கும் வண்டிகளுக்கே பூங்காவின் நடுவிடமும் பெரும்பொருளும் புகழும் கொடுப்பானேன் என்பதே நம் வினா.

இவ்வண்டி தோன்றிய காலத்தில் நிலைமை வேறு. 1884-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கோனித் தீவின் கடற்கரையிலே, லாமார்க்கஸ் தாம்ஸன் என்பார் மரத்தாலாகிய பாதையொன்றை அமைத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 600 அடி. வேகம் மணிக்கு 6 மைல். கட்டணம் 5 ஸென்ட். ஏறினோர் விசிப்பலகையிலமர்ந்து பக்கவாட்டில் நோக்கியவண்ணம் சென்றனர். மறுமுனையில் யாவரும் இறங்கி நிற்க, ஆட்கள் வண்டியை மேட்டின்மீது தள்ளியேற்றிய பின்னரே திரும்பி வருதல் கூடும். இக்காலத்து இளைஞர் இதனைக் கேட்டு நகைப்பர். ஆயினும் மக்கள் திரள்திரளாக வந்தனர். மதுக்கடைகளுக்கும் இழிந்த கேளிக்கைகளுக்கும் மாற்றாக மாசற்ற பொழுதுபோக்கொன்றை நல்குதலே தாம்ஸனின் கருத்து என்பர். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிற் போதித்தவர் என்று கூறுவாருமுளர். நம்போன்ற கல்லூரியிற் பயில்வோர்க்கு இச்செய்தி சிறிது உவப்பளிக்கக்கூடும்.

நிற்க. 1919-இல் ஜான் மில்லர் என்பார், தண்டவாளத்தின் அடியிலும் சக்கரமொன்று ஓடுமாறு அமைத்து உரிமை பெற்றார். வண்டி பாதையை விட்டு மேலெழாதவாறு இச்சக்கரம் பற்றிக்கொள்ளுமாதலின், மேடுகள் செங்குத்தாயின. உயரப் போட்டிக்கு வழி திறந்தது. 2005-இல் நியூ ஜெர்ஸியிலே கிங்டா கா என்னும் வண்டி 456 அடி உயரத்தோடு எழுந்தது. மணிக்கு 128 மைல் வேகம்! அதன் அளவுகோலோ 54 அங்குலம். உலகிலேயே உயர்ந்ததென்று புகழப்பெற்ற அது 2024-இல் நிறுத்தப்பட்டு, 2025-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

சிறு வண்டி சப்பென்றிருக்குமே என்று நம் மாணவ நண்பர் சிலர் கூறுவர். அவர்கள் தம் பௌதிக நூலைச் சற்றே புரட்டுவாராக. முதன்மேட்டின்மீது பெரும்பாலும் சங்கிலியொன்று வண்டியை இழுத்தேற்றும். அதன்பின் எஞ்சினில்லை, வீழ்ச்சியிற் பெற்ற வேகமே அடுத்த மேட்டில் ஏற்றுகிறது. காற்றும் உராய்வும் அவ்வாற்றலிற் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்ளும். மேட்டின் உச்சியைக் கடக்குங்கால், உடல் இருக்கையை விட்டெழுவதுபோல் வயிற்றில் ஒரு கூச்சமுண்டாகுமன்றோ? அது உயரத்தால் மட்டும் விளைவதன்று. வேகமும் உச்சியின் வளைவும் தம்முட் பொருந்துதலால் விளைவது. வளைவு குறுகியதாயின் முப்பதடி மேடே அதற்குப் போதும். திறமையுடைய பொறியாளர் மரக்கிளைகளினூடேயும் சிறு குகையினூடேயும் பாதையைச் செலுத்தி, உள்ள வேகத்தை இருமடங்காகத் தோன்றச் செய்வர். ஆகவே சுவையின்மை சிறுமையின் குற்றமன்று, அமைப்போரின் சோம்பலேயாம்.

குடும்ப வண்டிகளுட் பல, ஏறக்குறைய மூன்றடி உயரமுள்ள குழந்தையும் பெரியோர் துணையுடன் ஏறத்தக்கன. அக்குழந்தை முதன்மேட்டில் ஏறும்போது சங்கிலியின் ஓசையைக் கேட்டு அஞ்சும். பக்கத்திலிருப்பவரின் கையைப் பற்றும். அவர் முகத்தை நோக்கும். அம்முகத்திலும் சிறிது அச்சங் கண்டு வியக்கும். பாட்டனார் கூவுவதைப் பேரன் கேட்பது எளிதில் வாய்ப்பதா? நானூறடி உயரத்து வண்டியிலே இருவரும் ஒருங்கே அமர இயலாது. பூங்கா அமைப்போர் இத்தகைய வண்டியை மூலையிலொதுக்கி, வண்ணம்பூசிய பொம்மைபோற் செய்து விடுவது பெருந்தவறு. நடுவிடத்தை அதற்கீந்து, சிறந்த பொறியாளரை அதற்கே அமர்த்துதல் வேண்டும்.

இஃது இயலாததன்று. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், 1843-இல் திறக்கப்பெற்ற டிவோலிப் பூங்காவிலே, 1914-இல் எழுந்த மரப்பாதை வண்டி இன்றும் ஓடுகிறது. சிறுவரும் முதியோரும் அதிலேறுகின்றனர். ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் பிடிப்பவர் ஒருவர் அவர்களோடு கூடவே சென்று, இறக்கங்களில் எவ்வளவு விடுவது, எங்கே பிடிப்பது என்று தம் கையாலேயே தீர்மானிக்கிறார்.