அலை பார்க்கப் போகிறீர்களா? கொஞ்சம் பேசி முடிவு பண்ணிக்கொண்டு போங்கள்!



பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அம்மாக்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? "எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா" என்று காலையிலிருந்து ஒரே நச்சரிப்புதான். ஊட்டி, கொடைக்கானல் என்றால் நாலு நாள் லீவு வேண்டும், கை நிறையப் பணமும் வேண்டும். நம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு லீவு எங்கே கிடைக்கிறது? ஒரே நாளில் போய்த் திரும்பும்படியாக எனக்குத் தெரிந்த அழகான வழி ஒன்று இருக்கிறது. அதுதான் கோவளமும் மாமல்லபுரமும்.

"சிற்பம்தானே, பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோதே பார்த்தாச்சு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்றைக்குப் பிள்ளைகள் அங்கே போகத் துடிப்பது அலைச்சறுக்குக்காக. பலகை மேல் நின்றுகொண்டு அலையோடு சறுக்கி வருகிறார்களே, அந்த சர்ஃபிங்தான். கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல் அங்கே ஒரு சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவில் அந்தப் போட்டி நடந்தது அதுதான் முதல் தடவை.

என் பெரிய பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். "நானும் பலகையில நிக்கணும்மா" என்றாள். "பொம்பளைப் பிள்ளைக்குக் கடல்ல என்னடி வேலை?" என்றார்கள் என் மாமியார். வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சுத்தான்.

மாமல்லபுரத்து மீனவர் குப்பத்தில் வளர்ந்த கமலி மூர்த்தி என்ற பெண் சின்ன வயதிலேயே அலைப்பலகையில் பழகி, போட்டிகளிலும் ஜெயித்திருக்கிறார். அவரையும் அவரைத் தனியாளாக வளர்த்த தாயாரையும் பற்றி எடுத்த குறும்படம் 2020-ல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. இதை மாமியாரிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு கடலோரத்துல பொறந்தது. நம்ம பொண்ணு பொறந்தது ஆஸ்பத்திரியில" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்கள்!

சிரித்தாலும், அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2011 டிசம்பர் 25-ம் தேதி நம் பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்கள் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனதை இந்தப் பக்கத்தில் யார் மறந்திருப்பார்கள்? ஆகவே "போகக் கூடாது" என்றும் சொல்லாமல், "பார்த்துக்கலாம்" என்றும் விடாமல், எல்லாவற்றையும் வீட்டிலேயே உட்கார்ந்து பேசித் தீர்மானித்தோம். அந்தத் தீர்மானங்களைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

நாள் பார்ப்பது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம், கொந்தளிப்பு எல்லாம் அப்போதுதான். குழந்தைகளோடு போக ஜனவரி முதல் மார்ச் வரை சுகமான காலம். கோடையில்தான் முடியும் என்றால், காலை ஒன்பது மணிக்குள் கடலைவிட்டு ஏறிவிடுகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

வானம் தெளிவாக இருக்கிறதே என்று கடலை நம்பிவிடக் கூடாது. எங்கோ தொலைவில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத நாளில் நம் கரையில் வந்து மோதும். இதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். பெயரே பொருத்தமாக இல்லை? 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே தருகிறது. செய்தியிலும் வரும். புறப்படும் முதல் நாள் ராத்திரி அதைப் பார்ப்பது ஒருவர் பொறுப்பு என்று வையுங்கள். எச்சரிக்கை இருந்தால் சிற்பம் பார்த்துவிட்டு வரலாம், கடலில் இறங்க வேண்டாம்.

வண்டியும் வழியும்

இவர் நைட் ஷிப்ட் முடித்து வந்த கையோடு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி எழுந்த பிறகுதான் வண்டி. தூக்கக் கலக்கத்தோடு லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதும் ஒன்று, குடித்துவிட்டு ஓட்டுவதும் ஒன்று.

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நம் ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் பக்கம் போய், மீஞ்சூர் – வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஏறினால் சென்னை நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். திருவள்ளூர்க்காரர்கள் நெமிலிச்சேரியில் இதே சாலையைப் பிடிக்கலாம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம். மொத்தம் சுமார் 100 கிலோமீட்டர். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் இன்னும் ஒரு 20 கிலோமீட்டர்தான். டோல் உண்டு, ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

கேளம்பாக்கம் தாண்டியதும் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் உப்பளம், உப்பங்கழி, நாரையும் கொக்கும். நடுவே பக்கிங்காம் கால்வாய். நம் பழவேற்காட்டு ஏரி வழியாக வருகிற அதே கால்வாய்தான்! சின்னவனிடம் இதைச் சொன்னதும், "அப்ப நாம படகுலயே வந்திருக்கலாமே" என்றான்.

கைக்குழந்தை இருந்தால் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தை பின் சீட்டில், அதற்கான இருக்கையில் இருக்கட்டும். வண்டியில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்குக் கிளம்பும்போது வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். ஜன்னலை இறக்கிவிட்டுத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு மூட்டை

மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளியோதரை, வறுத்த வேர்க்கடலை. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், காலையிலேயே காலி செய்யுங்கள். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. மாற்றுத் துணி, பெரிய துண்டு, ஈரத்துணி போட ஒரு பை. கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கியது. சுத்தமான தண்ணீர், கழிப்பறை, உடை மாற்றும் அறை எல்லாம் அந்தச் சான்றிதழுக்கான நிபந்தனைகள். பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கடலில் இறங்குமுன்

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பப் போக ஒரு வழி தேடும். அது ஒரே இடமாகச் சேர்ந்து உள்நோக்கி ஓடினால், அதுதான் ஆளை இழுக்கும் நீரோட்டம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, அந்த இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். "இங்கே அலை இல்லையே" என்று அம்மாக்கள் குழந்தையை இறக்குவது அங்கேதான்! வேகம் பிடித்தால் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடும். தேர்ந்த நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்த முடியாது.

அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். காப்பாற்றுகிறேன் என்று புடவையோடு பாயாதீர்கள், நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொள்ளும். உயிர்காப்பாளரைக் கூப்பிட்டு, மிதக்கிற பொருள் எதையாவது வீசுங்கள். இதைப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

சர்ஃபிங் பள்ளிக்கு முன்கூட்டியே போன் செய்து நாலு கேள்வி கேளுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? நீச்சல் தெரியாதவர்களைச் சேர்ப்பார்களா? உயிர்காப்புச் சட்டை தருவார்களா? பெண் ஆசிரியர் உண்டா? பதில் திருப்தியாக இருந்தால் சரி, இல்லையென்றால் வேறு இடம்.

முறைக் காவல்

எல்லோரும் தண்ணீரில் விளையாட, பையையும் செருப்பையும் காத்துக்கொண்டு மணலில் உட்காருவது யார்? நாம்தானே! காவல் என்றால் செருப்புக்கு இல்லை, பிள்ளைகளுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அரை மணிக்கு ஒருவர் முறை. முறைக்காரர் போனைத் தொடக் கூடாது, வேடிக்கை பார்க்கக் கூடாது, தலையை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் முறை மாமியாருடையது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவர்கள் உரக்க எண்ணியது கடலுக்கே கேட்டிருக்கும்! இவர் முறையில்தான் நான் முழங்கால் தண்ணீரில் என் பெண் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரையும் எண்ணாமல் கடலைப் பார்த்தது அன்றுதான்.

பெண் பத்துத் தடவை விழுந்து பதினோராவது தடவை பலகையில் நின்றாள். ஒரு மூச்சு நேரம்தான். மாமியார் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். "அத்தை, எண்ணுங்க!" என்று நான் தண்ணீரிலிருந்து கத்த வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டிலும் இந்த முறைக் காவலைப் போட்டுப் பாருங்கள் சகோதரிகளே. பிள்ளைகளும் பத்திரம், உங்களுக்கும் ஒரு அரை மணி கிடைக்கும். அடுத்த இதழில், ஈர மணல் ஒட்டிய துணிகளை மிஷின் கெடாமல் துவைப்பது எப்படி என்று சொல்கிறேன். வரட்டுமா?