கைக்குழந்தையும் பகல் டெலிவிஷனும்

பிரசவம் ஆகி, கணவர் மறுபடி வேலைக்குப் போய்விட்டார். பகலில் வீட்டில் தாயும் குழந்தையும்தான். பேச்சுத் துணைக்கு யார்? டெலிவிஷன்தான்!

இதனால் என்ன கெடுதல்?

2009-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. டெலிவிஷன் சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்திலும், குழந்தையின் காதில் விழுந்த பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைந்தனவாம்! அந்தச் சொற்களைக் கேட்டுத்தான் குழந்தை பேசக் கற்கிறது.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு டெலிவிஷன் காட்டவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது.

அதற்காகத் தாயைக் கடிந்துகொள்ளலாமா? கூடாது. தனிமைக்கு அவள் என்ன செய்வாள்? குழந்தை தூங்கும்போது தொடர் பார்க்கட்டும். விழித்ததும் நிறுத்திவிட்டு, குழந்தையோடு பேசட்டும்.

கணவர்மார்களே! வீடு திரும்பியதும் குழந்தையை வாங்கிக்கொண்டு, அவளோடு பேசுங்கள்.