சிறுநீரக நோயாளிக்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை தேவையா?

சிறுநீரகம் செயலிழந்தவர் வீட்டில் யாராவது ஒருவர் ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பாவோடு வந்து நிற்பார். "செல்லைப் பாதுகாக்கும், வாங்கிக் கொடுங்கள்" என்பார். பாதி உண்மை! மீதிப் பாதிதான் ஆபத்து.

முதலில் உண்மையான பாதி. சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் ஒரு சிறு பகுதி செல்லுக்குள் ஃப்ரீ ராடிக்கல்களாக மாறுகிறது. இவை கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என எதையும் விட்டுவைப்பதில்லை. ஆரோக்கியமான உடம்பு இவற்றை அடக்கி, உடைந்த டி.என்.ஏ.வையும் சரிசெய்துவிடும். சிறுநீரகம் பழுதானாலோ கழிவுகள் ரத்தத்திலேயே தங்கி, இந்தச் சமநிலை குலைகிறது. இதுதான் ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ். உயிர் காக்கும் டயாலிசிஸும் இதைக் கொஞ்சம் கூட்டுகிறது. ரத்தம் இயந்திரத்தின் சவ்வில் படும்போது வெள்ளணுக்கள் தூண்டப்பட்டு ஃப்ரீ ராடிக்கல்களை வெளிவிடுகின்றன. கழிவோடு வைட்டமின் சி-யும் வெளியேறிவிடுகிறது.

டி.என்.ஏ. சேதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 'காமெட்' என்ற சோதனையில் செல்லின் மீது மின்சாரம் பாய்ச்சினால், உடைந்த டி.என்.ஏ. வால் நட்சத்திரம் போல நீளும். சேதம் அதிகமானால் வாலும் பெரிதாகும்.

சரி, ஆன்டி-ஆக்ஸிடன்ட் கொடுத்தால் தீர்ந்ததா? இல்லை. அதிக வைட்டமின் சி உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறும். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமே வேலை செய்யாதபோது அது திசுக்களில் படியும். ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது என்று புகழப்படும் ஸ்டார் ஃப்ரூட்டோ இவர்களுக்கு விஷம். விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும். அதிலுள்ள காரம்பாக்ஸின் என்ற நச்சை பிரேசில் விஞ்ஞானிகள் 2013-ல் அடையாளம் காட்டினார்கள்.

நம்பிக்கை தந்த ஆய்வும் உண்டு. 2000-ல் இஸ்ரேலில் இதயநோயும் இருந்த 196 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது. ஆனால் மொத்த மரணங்கள் கணிசமாகக் குறையவில்லை. உடம்பின் சொந்த ஆன்டி-ஆக்ஸிடன்ட் அமைப்பைத் தூண்டும் பார்டாக்ஸலோன் மருந்தை, சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்ட 2,185 பேரிடம் சோதித்தார்கள். சிறுநீரக அளவீடு உயர்ந்தது. கூடவே இதயச் செயலிழப்பும் உயர்ந்தது! 2012-ல் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று.

பாடம் இதுதான்: ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் நன்றாக மாறுவதும் நோயாளி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல.

பணம் போதாமல், வாரம் மூன்று முறை செய்ய வேண்டிய டயாலிசிஸை இரண்டாகக் குறைத்துக்கொள்பவர்கள் இந்தியாவில் ஏராளம். அந்தக் குடும்பங்களிடம் மாத்திரை விற்பது அநியாயம். அந்தக் காசு டயாலிசிஸுக்கும், ரத்த அழுத்த மாத்திரைக்கும் போகட்டும். வைட்டமின் தேவையா, எவ்வளவு என்பதை சிறுநீரக மருத்துவர் சொல்லட்டும்.

டப்பாவோடு வருபவரின் அன்பில் குறையில்லை. ஆனால் அன்புக்கும் அளவு தெரிய வேண்டும்....