மட்டை எந்தக் கையில்?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டுக்கு வீடு செல்போன் வந்த பிறகு அந்தப் பழமொழிக்கு மவுசு கூடிவிட்டது, சகோதரிகளே! சென்ற மாதம் திருச்சியில் அக்கா வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். எழுதலாம் என்று அக்காவும் சம்மதித்தாள், அக்கா பெண்ணும் சம்மதித்தாள். "என் பேரை மட்டும் போட்டுடாதீங்க சித்தி" என்றாள். போடவில்லை.

நான் போய் இறங்கிய நேரம், அக்கா அடுப்படியில் கண் சிவந்து நின்றாள். பெண் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அவளுடைய செல்போன் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. பிடுங்கி ஒளித்து வைத்திருக்கிறாள் அக்கா!

"யாரோ ஒரு பையனோட நாலு மாசமா பேசிட்டு இருக்காடி. இன்ஸ்டாகிராமாம். ஹாக்கி பிளேயராம். இந்தியா டீமாம். இப்ப 8,000 ரூபாய் கேக்கிறானாம். பாட்டி கொடுத்த காசை அனுப்பட்டுமான்னு என்கிட்டயே வந்து கேக்கிறா!"

"கேட்டாளே, அதுக்குச் சந்தோஷப்படு. கேட்காம அனுப்பியிருந்தா என்ன பண்ணுவே?" என்றேன். அக்கா பேசவில்லை. போனை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். போனை அவள் கையிலேயே கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 24 அணிகள் வந்திருந்தன. நம் பையன்கள் வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள். அந்த அணியில் தானும் ஒருவன் என்று இவன் எழுதியிருக்கிறான். சொந்த ஊர் கோவில்பட்டியாம், வயது 20-ஆம். கேட்கிறவருக்கு நம்பத்தான் தோன்றும். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர் போன ஊர். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன், கார்த்தி இருவரும் அங்கே பயிற்சி பெற்றவர்கள்தான். ஏமாற்றுகிறவன் முழுப் பொய் சொல்வதில்லை. பாதி மெய்யில் மீதிப் பொய்யைக் கலந்து கொடுக்கிறான், பாலில் தண்ணீர் கலக்கிற மாதிரி.

"ஒரு நாள் கூட என்கிட்ட தப்பாப் பேசினதில்லை சித்தி. 'சாப்பிட்டியா, படிச்சியா'ன்னுதான் கேப்பான்" என்றாள் பெண். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கே தொண்டை அடைத்தது. காலேஜ் விட்டு வந்தால் அப்பா டூட்டியில், அம்மா வேலையில். 'சாப்பிட்டியா' என்று கேட்க ஓர் ஆள் கிடைத்தால் எந்தப் பெண்தான் உருக மாட்டாள்?

இந்த நேரத்தில் எங்கள் அப்பா உள்ளே வந்தார். அக்காவோடுதான் இருக்கிறார். வாலிபத்தில் ரயில்வேயில் ஹாக்கி ஆடியவர். இன்றைக்கும் டி.வி.யில் ஒரு மேட்ச் விடமாட்டார்.

"நம்ம ஆட்டக்காரனா? படத்தைக் காட்டு கண்ணு, பார்ப்போம்" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். பேத்தியும் காட்டினாள். பையன் மைதானத்தில் பந்தை அடிக்கக் குனிந்து நிற்கிறான். சட்டையில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெரிய இதயப் படம் ஒட்டியிருக்கிறது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இவன் வலது கையை மேலே வச்சு மட்டையைப் பிடிச்சிருக்கானே?"

"அவன் இடது கைக்காரன் தாத்தா. ஒரு தடவை நானே கேட்டேன்."

"கண்ணு, ஹாக்கியிலே இடது கைக்காரனுக்குன்னு தனி மட்டையே கிடையாது. மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தாலதான் பந்தை அடிக்கணும். எந்தக் கையால எழுதுறவனா இருந்தாலும் இடது கை மேலே, வலது கை கீழே. உலகம் பூரா இதுதான். இது கண்ணாடியிலே தெரியற மாதிரி திருப்பிப் போட்ட படம்!"

தன்னைத் தானே எடுத்துக்கொள்ளும் படம் சில போன்களில் இடவலம் மாறி விழும். ஆனால் இது தூரத்திலிருந்து வேறு யாரோ எடுத்த படம். பெண் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளாகவே அந்தப் படத்தைப் போனில் மறுபடி திருப்பிப் போட்டாள். படத்தை வைத்தே தேடுகிற வசதி கூகுளில் இருக்கிறதே, அதில் தேடினாள். படத்துக்குச் சொந்தக்காரர் வேறு மாநிலத்து ஆட்டக்காரர். அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதோடு விட்டாளா? பழைய பேச்சையெல்லாம் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். ஒரு ஃபைனலில் தான் போட்ட கோலை 'ஆஃப்சைடு' என்று நடுவர் தள்ளிவிட்டாராம். அப்பா சிரித்துவிட்டார். "ஆஃப்சைடு எங்க காலத்திலே இருந்தது. 1990-களிலேயே ஹாக்கியிலேருந்து எடுத்துட்டாங்களே. இவன் பிறக்கிறதுக்கு முன்னாடியே போயிடுச்சு!"

உலகக் கோப்பைக்குப் போன அணியின் பெயர்ப் பட்டியல் ஊரறிய வெளியானது. அதையும் பார்த்தாள். இவன் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நான் ஸ்டாண்ட்-பை" என்று பதில் வந்தது. அந்தப் பட்டியலிலும் இல்லை. வீடியோவில் முகம் காட்டச் சொன்னாள். "என்னை நீயே சந்தேகப்படறியா? இதுதான் உன் அன்பா?" என்று கோபித்துக்கொண்டான். மறுநாள் காலையில் கணக்கையே காணோம்.

ஹாக்கி தெரிந்த தாத்தா எல்லார் வீட்டிலும் இருப்பாரா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும். ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்வதை அவன் வாய் வார்த்தையாலோ, அவன் அனுப்பிய படத்தாலோ சோதிக்க முடியாது. அவன் கைபடாத இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தேசிய அணி என்றால் ஹாக்கி இந்தியா அமைப்பு வெளியிடும் பட்டியல் இருக்கிறது. மாவட்டம், கல்லூரி என்றால் பயிற்சியாளர் இருப்பார், விளையாட்டு விடுதி இருக்கும். நேரே விசாரிக்கலாம்.

அப்புறம் பணம். 'கிட் தொலைந்துவிட்டது, முகாமில் சாப்பாட்டுக்குக் கட்ட வேண்டும்' என்பதுதான் இவன் சொன்ன காரணம். தேசிய முகாமில் தங்குவதும் சாப்பாடும் வீரன் தலையில் விழுகிற செலவே இல்லை. முகம் பார்க்காத ஒருவன் என்ன காரணம் சொல்லிக் கேட்டாலும் காசும் கூடாது, அந்தரங்கப் படமும் கூடாது. ஏமாந்து அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழியுண்டு. பேசிய பேச்சை அழிக்காமல் வைத்திருங்கள், அதுதான் சாட்சி. இப்படி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் வருகிறது. 3 ஆண்டு வரை சிறை உண்டு.

பையன்களைப் பெற்ற தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. பள்ளி அணியில் ஆடுகிற பிள்ளை தன் படத்துக்குக் கீழே 'இந்தியா ஜூனியர்' என்று போட்டுக்கொள்வதும் நடக்கிறது. அது மோசடி இல்லை, வயசுக் கோளாறு. ஆனாலும் சிரித்துவிட்டு விடாதீர்கள். "மாவட்ட அணியில் இடம் பிடிக்கிறதே பெரிய காரியம்டா, அதையே பெருமையா எழுது" என்று பக்கத்தில் உட்கார்ந்து மாற்றச் சொல்லுங்கள். உள்ளதைச் சொல்லிப் பெருமைப்படப் பழகினால் இல்லாததைத் தேடிப் போக மாட்டான்.

எங்கள் வீட்டுப் பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "நான் இவ்வளவு முட்டாளா சித்தி?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அக்கா என்னென்னவோ சொல்லித் திட்ட வாயெடுத்தாள். கையமர்த்தினேன். மூன்றாம் நாள் காலையில் அக்காவே தட்டில் இரண்டு தோசையோடு அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "சாப்பிட்டியாடி?" என்றாள். அவ்வளவுதான். பெண் அம்மா மடியில் சாய்ந்துவிட்டாள்.

இப்போது தினமும் சாயங்காலம் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஹாக்கி பார்க்கிறார்களாம். மட்டையை யார் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று அவள்தான் முதலில் சொல்கிறாளாம்!

அடுத்த இதழில் சந்திப்போம்.