நமது வீடுகளின் அகம்

வீடு கட்டுதலைப் பற்றி எழுதுதற்குக் கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் இருக்க, தமிழாசிரியனுக்கு யாது தகுதி என்று அன்பர் சிலர் வினவக்கூடும். தகுதி ஒன்று உண்டு. தமிழில் 'அகம்' என்னுஞ் சொல் மனத்தையுங் குறிக்கும், வீட்டையுங் குறிக்கும், உள்ளிடத்தையுங் குறிக்கும். நெடுநல்வாடையிற் கணவனைப் பிரிந்த அரசியின் துயரைச் சொல்லப் புகுந்த நக்கீரர், அரண்மனைக்கு நூல் பிடித்து மனை வகுத்த முறைமையையும், யானைக் கோட்டாற் செய்த கட்டிலையும் விரிவாக எடுத்துரைக்கின்றார். அரசியோ மேல் விதானத்தில் எழுதப்பட்ட திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். அறையைக் காட்டாது நெஞ்சைக் காட்டப் புலவர் விரும்பவில்லை. ஆதலின் இப்பொருள் எம்மனோர்க்கும் உரியதே என்க.

2009 இற் போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எழுந்த வீடுகள் பல்லாயிரம். அவற்றுட் சில அரசினரின் திட்டத்தால் எழுந்தவை. சில வெளிநாட்டிலுள்ள மக்களின் பணத்தால் எழுந்தவை. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவரிற் பலர் அத்தகைய வீடொன்றைக் கட்டியிருப்பர், அல்லது கட்டும் எண்ணங் கொண்டிருப்பர். அவ்வீட்டின் புறத்தோற்றத்தைப் பற்றி நிரம்பப் பேசுகின்றோம். அதன் அகம் எவருடைய வாழ்வுக்கு ஏற்ப அமைந்தது என்பதைக் கேட்பார் சிலரே.

யாழ்ப்பாணத்து வீடொன்றினுள்ளே நின்று, கண்ணிற் படும் பொருள்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், குசினி. அத்தனையும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். அவர்கள் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் தோற்று அகன்றனர். நாற்பது ஆண்டுகள்கூட நிரம்பாத ஆட்சி. ஆயினும் நாம் இன்றும் அவர்களுடைய சொல்லில் அமர்கின்றோம், அவர்களுடைய சொல்லிற் சமைக்கின்றோம். மறுபுறத்திற் பாய், மணை, அம்மி, உரல், உறி, அடுப்பு, குத்துவிளக்கு ஆகியவை நம்முடைய சொற்களாகவே நிற்கின்றன. கட்டிலை நீக்கி நோக்கின், நிலத்தோடு ஒட்டியிருந்தவற்றுக்குத் தமிழ்ப்பெயரும், நிலத்தினின்றும் நம்மை உயர்த்தியவற்றுக்குப் பிறமொழிப் பெயரும் வாய்த்தமை புலனாகும். வீட்டின் உள்ளே தனித்தமிழ் நிலைநாட்டப் புறப்படும் அன்பர் முதலில் மேசையை வெளியே தூக்கிவைக்க வேண்டியிருக்கும். பிறரிடமிருந்து பெற்றதை நம்முடைய புழக்கத்துக்கு ஆக்கிக்கொண்ட திறமும் நம்முடைய அடையாளமே. நான் பண்பாடு என்று இங்குப் பேசுவது அந்தப் புழக்கத்தையே. சுவரில் மாட்டும் மயிற்படத்தையோ வரவேற்பறையில் நிறுத்தும் பித்தளை நடராசரையோ அன்று.

நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்வோம். வளவின் வேலியிற் கூரையிட்ட சங்கடப்படலை. வெயிலிலும் மழையிலும் வழிச்செல்வோன் ஒதுங்கி நிற்பதற்கு, வீட்டாரின் உத்தரவு வேண்டாத ஓர் இடம் அது. அதைக் கடந்தால் வெளிமுற்றம். தைப்பொங்கலன்று கோலமிட்டுப் பானை வைக்கும் இடமும், மிளகாயும் ஒடியலும் காயும் இடமும் அதுவே. பின்னர்த் திண்ணை. அதனையுந் தாண்டினால் நான்கு பக்கமுந் தாழ்வாரஞ் சூழ, நடுவே வானத்தைப் பார்த்துக் கிடக்கும் உள்முற்றம். சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்கள். பனஞ் சிலாகைகளின் மேல் ஓடு. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தாழ்வாரத்தின் நிழலிற் குளிர்ந்த காற்று அறைகளுட் புகும். மின்விசிறி வருவதற்கு முன்னர் இவ்வூர் வெயிலுக்கு மக்கள் கண்ட விடை இதுவாகும்.

ஆனால் முற்றத்தின் பயன் காற்றோடு நின்றுவிடவில்லை. கிழவி ஒருத்தி தாழ்வாரத்தில் இருந்தபடியே வீடு முழுவதையும் அறிவாள். அடுக்களையில் யார், படிப்பவன் உண்மையிற் படிக்கின்றானா, தொட்டிலிற் பிள்ளை எழுந்ததா என்பன எல்லாம் அவள் கண்ணுக்கோ செவிக்கோ எட்டும். மழை பெய்தால் வீட்டின் நடுவே பெய்யும். திண்ணையிற் பிள்ளைகள் எழுத்துப் பயின்ற காலம் ஒன்று உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடம் என்னும் பெயரே அதற்குச் சான்று. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் எனப் பெயரிட்டுச் சொன்ன வாழ்வு கோயில் மண்டபத்தில் மட்டும் வளரவில்லை. ஒருவர் படிக்க, ஒருவர் பயன் சொல்ல, அயலார் கூடியிருந்து கேட்பதற்கு இடங்கொடுத்த வீடுகளிலும் வளர்ந்தது. பெட்டகத்திற் கிடந்த ஏடுகளைச் சரசுவதி பூசையன்று எடுத்துத் தூசு தட்டி வைத்தோர் அனைவரும் புலவரல்லர். ஆயினும் நூலுக்கு வீட்டில் ஓர் இடம் உண்டென அவர்கள் அறிந்திருந்தனர்.

இவ்வளவையும் புகழ்ந்த பின்னர், பலர் சொல்லாது விடும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த வீட்டின் ஒவ்வொரு படியும் ஓர் எல்லைக்கோடாகவும் இருந்தது. படலையோடு நிறுத்தப்பட்டவர், முற்றத்தில் நின்றவர், திண்ணை வரை வந்தவர், உள்ளே அழைக்கப்பட்டவர் என மனிதரைச் சாதியால் அளந்த அளவுகோல் அவ்வீடு. கிணற்றை அணுக விடாது, சிரட்டையில் நீர் வார்த்த கைகளும் அவ்வீட்டாரின் கைகளே. கே. டானியலின் நாவல்களை வாசித்தோர்க்கு இதனை விரிக்கவேண்டியதில்லை. 1968 இல் மாவிட்டபுரத்திலே கோயில் வாசலில் நடந்த போராட்டம், வீட்டு வாசல்களில் நெடுங்காலம் நிலவிய அதே வழக்கை எதிர்த்ததேயாகும். பெண்களுக்கும் அவ்வீடு ஒரே அளவாய் இடந்தரவில்லை. திண்ணை ஆடவர்க்கு உரியதாயிற்று. அடுக்களைப் புகை பெண்களின் கண்ணுக்கு உரியதாயிற்று. பழைய வீட்டின் வரைபடத்தை எடுத்து அப்படியே மீண்டுங் கட்டுவோம் என்போர் இவற்றையும் சேர்த்துக் கட்டுவதாகாதா? திண்ணை வேண்டும், அது எவரும் அமரும் திண்ணையாதல் வேண்டும். இந்நிபந்தனை இல்லாத பழமைப் பற்றில் எனக்கு உடன்பாடில்லை.

போர் அந்த வீடுகளிற் பலவற்றைத் தகர்த்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓர் இரவிற் பெயர்ந்ததை நம்முள் வயது வந்தோர் அறிவர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இற் பெயர்ந்தோர் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தம் காணிக்குத் திரும்பியபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றைத் தேடிக் கண்டு, 'கிணற்றுக்கு இப்பால் அடுக்களை, அடுக்களைக்கு அப்பால் சாமியறை' என்று வெறுந்தரையில் நடந்து காட்டியோர் உளர். சுவர் போன பின்னரும் அறைகள் காலடியில் இருந்தன!

இத்தகைய மக்களுக்கு வீடு கொடுப்போர் முதலில் அவர்களைக் கேட்டல் வேண்டும். இந்திய அரசின் உதவியால் 2012 முதல் வடக்கிலுங் கிழக்கிலும் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடியினவே. ஒவ்வொன்றுக்கும் வழங்கப்பட்ட தொகை 550,000 ரூபா. சிறிய வீடுதான். எனினும் பணத்தைப் பெற்று வீட்டுக்காரரே மேசனையும் தச்சனையும் அமர்த்திக் கட்டியமையால், வாசல் எத்திசையில், சாமிப்படம் எம்மூலையில், விறகடுப்பு எங்கே என்பவற்றை அவர்களே தீர்மானிக்க இடமிருந்தது. இதற்கு மாறாக 2016 இல் 65,000 பொருத்து வீடுகள் என்னுந் திட்டம் முன்வைக்கப்பட்டது. உருக்கினால் தொழிற்சாலையிற் செய்து கொணர்ந்து பொருத்தும் வீடு. இவ்வூர் வெப்பத்துக்கு அது பொருந்துமா, விறகில் சமைப்போர்க்குப் புகைபோக்கி எங்கே, குடும்பம் பெருகினால் ஓர் அறை கூட்டிக் கட்ட இயலுமா எனக் கேள்விகள் எழுந்தன, எதிர்ப்பு வலுத்தது, முன்மொழிந்த அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. எதிர்த்தோரை நன்றியற்றோர் எனச் சிலர் பழித்தனர். அப்பழி தகாது. ஓலைக்குடிலில் இருப்பவனுக்கும் தன் அடுப்பு எங்கே இருத்தல் வேண்டும் என்று சொல்லும் உரிமை உண்டு.

பணம் உள்ளோர் கட்டும் வீடுகளின் குறை வேறு வகையானது. இரண்டு மாடி, பளிங்குத் தரை, முகப்பில் நாற்பெருந் தூண்கள், உயர்ந்த மதில், பூட்டிய இரும்புப் படலை. உள்ளே ஒருவரும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழாக் காலத்தில் விளக்கு எரியும். வாஸ்து என்ற பெயரைக் கேட்டு வாசற்கதவை ஓரடி நகர்த்துவோர், அதே மனைநூல் வீட்டின் நடுவிடத்தைத் திறந்து வைக்கச் சொல்வதை மட்டும் மறந்துவிடுகின்றனர். நடுவிலே மாடிப்படி ஏறுகின்றது. சிலர் திண்ணையும் அமைக்கின்றனர். மதிலுக்கும் பூட்டுக்கும் உள்ளே இருக்கும் திண்ணையில் வழிப்போக்கன் எப்படி அமர்வான்?

இதே அன்பர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் வீடுகளில் நிகழ்வது எனக்கு மதிப்பைத் தருகின்றது. அங்கே உடுப்பு அலுமாரி ஒன்றைக் காலிசெய்து சாமியறை ஆக்குகின்றனர். கற்பூரங் கொளுத்தினாற் புகையறிந்து ஒலிக்கும் மணிக்கு அஞ்சி, யன்னலைத் திறந்துவைத்துத் தீபங் காட்டுகின்றனர். கறித்தூள் மணம் வீட்டிற் பரவாதிருக்க வாகனக் கொட்டகையில் அடுப்பு வைத்துச் சமைப்போரும் உளர். அது பழைய வளவில் அடுக்களையை வீட்டினின்றும் விலக்கிக் கட்டிய அதே அறிவு. பனிநாட்டின் சிறிய அறைகளுள்ளே அடையாளத்தைத் தேடிப் பொருத்திக்கொள்ளும் கைகள், சொந்த மண்ணில் ஐந்து பரப்புக் காணி கிடைத்தவுடன் யாரோ ஒருவருடைய படத்தைப் பார்த்துக் கட்டுவது ஏன் என்பதே என் வினா.

புதிய முறையில் இவ்வறிவை வைத்துக் கட்ட முடியாது என்பார்க்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. கண்டியிற் பிறந்த மினெட் டி சில்வா (1918 - 1998) அந்நகரில் 1951 இல் முடித்த கருணாரத்ன வீட்டிலே, கொங்கிறீற்றையும் கண்ணாடியையும் பயன்படுத்திய அதே கட்டடத்தில், தும்பறைப் பாய் நெய்வோரின் வேலைப்பாட்டையும் சுடுமண் ஓடுகளையும் சேர்த்தார். கைவினைஞர் அவருக்கு அலங்காரஞ் செய்வோராக இருக்கவில்லை; கட்டடத்தின் பங்காளராக இருந்தனர். ஜெஃப்ரி பாவா (1919 - 2003) கொழும்பில் ஈனா டி சில்வாவுக்காக 1962 இற் கட்டி முடித்த வீடு, நெருங்கிய நகர்க் காணியிலும் நடுமுற்றத்தைச் சுற்றியே அமைந்தது. அக்காணி கைமாறியபோது, 2009 அளவில் அவ்வீட்டைக் கல் கல்லாகக் கழற்றிப் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கைக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினர். ஐம்பது ஆண்டுகள் மட்டுமே வயதான ஒரு வீட்டுக்கு அத்துணை மதிப்பு! நூறாண்டு கடந்த நாற்சார் வீட்டை நாம் இயந்திரம் விட்டு ஒரு காலைப் பொழுதில் இடித்து முடிக்கின்றோம்.

கட்டுவோரிடம் நான் வேண்டுவது மிகுதியன்று. பெரிய முற்றம் இயலாதெனில் வானந் தெரியும் பத்தடி இடம் நடுவே விடுக. மதிலின் வெளிப்புறத்தே, நிழலில், இருவர் அமர ஒரு திண்ணை கட்டுக. அடுக்களையில் நிற்பவர் வரவேற்பறைப் பேச்சிற் கலந்துகொள்ளும்படி சுவரைத் திறந்து விடுக. பழைய வீடு பெண்களுக்குக் கடன்பட்டதில் ஒரு சிறு பகுதி அதனால் தீரும். நூல்களுக்கு ஓர் அலுமாரி, கண்ணிற் படும் இடத்தில். வரைபடம் கீறுமுன்னர் வீட்டில் உள்ள மூத்தவரிடம், அவர் பிறந்த வீட்டின் அறைகளை ஒருமுறை சொல்லக் கேட்டு எழுதிக்கொள்க.

கல்லூரிக்கும் இது பொருந்தும். யூபிலி விழா என்றால் கட்டடம் எழுவது வழக்கம், எழுக. புதிய மண்டபத்திற் பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து தேவாரம் பாடுவதற்குத் தரையும், காற்று ஊடறுத்துச் செல்ல இருபுறமும் யன்னல்களும் இருத்தல் வேண்டும். நிறுவியோரின் படங்களைப் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு இறக்கி, ஒவ்வொன்றின் கீழும் அவர் செய்தது யாது என இரண்டு வரி எழுதிவைத்தல் வேண்டும். தலைமுறைகள் பெயர் கீறிய பழைய வாங்குகளிற் சிலவற்றை விறகுக்குக் கொடாது அங்கே போடலாம்.

மற்றொன்று மாணவர் செய்யத்தக்கது. எஞ்சியுள்ள நாற்சார் வீடுகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. உயர்வகுப்பு மாணவர் இருவர் இருவராகத் தத்தம் ஊரில் ஒரு வீட்டைத் தெரிந்து, அறைகளை அளந்து கீறி, ஒவ்வோர் உறுப்புக்கும் அவ்வூரார் வழங்கும் பெயரையும், யார் எங்கே அமர்ந்தனர், யார் எங்கே அமர விடப்படவில்லை என்பதையும் முதியோரிடம் கேட்டெழுதி, நூலகத்திற் சேர்க்கலாம். அளவு நாடா ஒன்றும் கொப்பி ஒன்றும் போதும். வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம்.