தேனீ கொட்டினால் சுண்ணாம்பு தடவலாமா?

"மிளகு பறிக்க ஏணியில் ஏறிய என் கணவரை மலைத்தேனீக்கள் கொட்டிவிட்டன. சுண்ணாம்பு தடவினோம். வலி குறையவில்லை, தோல் வெந்ததுதான் மிச்சம். வீட்டில் என்ன செய்யலாம்? எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?"
- வாசகி, செம்மேடு, கொல்லிமலை.

சுண்ணாம்பை இனி வெற்றிலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேனீ நஞ்சு அமிலம், சுண்ணாம்பு அதை முறிக்கும் என்பது பழைய கணக்கு. நஞ்சு தோலுக்கு அடியில் இறங்கிவிடுகிறது. மேலே தடவுவது அங்கே எட்டாது.

கொட்டியதும் முதலில் மரத்தடியை விட்டு விலக வேண்டும். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழம் போன்ற ஒரு வாசனை கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அதுதான் அழைப்பு. அடித்து நசுக்கினால் இன்னும் கூட்டம் சேரும்.

அடுத்தது கொடுக்கு. தேனீயின் கொடுக்கு நஞ்சுப் பையோடு தோலிலேயே தங்கி, ஒரு நிமிடம் வரைகூட நஞ்சை உள்ளே இறக்கும். நகத்தால் சுரண்டலாம், கிள்ளியும் எடுக்கலாம். சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். குளவியும் கதண்டும் பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. பிறகு சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். விரலில் கொட்டியிருந்தால் மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கினால் கழலாது. கொட்டிய இடம் மட்டும் இரண்டு நாள் வீங்கி அரிப்பது சாதாரணம்.

ஆனால், கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அது ஒவ்வாமை. சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். செட்டிரிசின் மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐ அழையுங்கள். காரவல்லிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எனவே முதலில் செம்மேடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். மயக்கம் வந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும்.

கொட்டு பத்து, இருபது என்று போனாலும், தொண்டையில் கொட்டினாலும், ஆள் நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நஞ்சு அதிகமானால் சிறுநீரகம் கெடுவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். சிறுநீர் குறைகிறதா, நிறம் கறுக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கணவருக்கு அன்று உடம்பெல்லாம் தடித்ததா? எழுதவில்லையே. தடித்திருந்தால், அடுத்த முறை இதைவிட மோசமாகலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை ஏணியில் வேறு ஆள் ஏறட்டும்.