வடதுருவத்திற்கு நாமும் போவோம்

குற்றாலச் சாரல் எங்கள் இலத்தூர்வரை வந்து முகத்தில் தெளித்தாலே போர்வையைத் தேடுகிறோம். நமக்கு எதற்கு வடதுருவம் என்று பலர் கேட்பர். நமக்கும் அங்கே வேலை உண்டு என்பதே என் கருத்து.

ஆர்க்டிக் பகுதியைக் காண இலையுதிர்காலம் ஏற்றது. கோடையில் அங்கே சூரியன் மறைவதில்லை. இரவு திரும்பிய பின்னரே துருவ ஒளி கண்ணுக்குத் தெரியும். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் வானிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் வாயுக்களில் மோதுவதால் பச்சையும் சிவப்புமாய் ஒளி அசைகிறது. கடலில் மிதக்கும் பனிப்பாறையோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டும் காட்டி, மீதியை நீருக்குள் மறைத்துக்கொள்கிறது.

இவற்றைப் படம் பிடித்துத் திரும்பினால் போதுமா? நம் நாடு 2008ஆம் ஆண்டில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் ‘ஹிமாத்ரி’ என்னும் ஆய்வு நிலையத்தைத் திறந்தது. துருவப் பனிக்கும் நமது பருவமழைக்கும் உள்ள தொடர்பை நம் விஞ்ஞானிகள் ஆராய்கின்றனர். பருவமழை பொய்த்தால் குற்றாலத்தில் அருவி ஏது?

“பெண்பிள்ளைக்குப் பனிநாடு எதற்கு?” என்போரும் உளர். 1983ஆம் ஆண்டில் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்ட இந்தியக் குழுவிலேயே நிலவியல் அறிஞர் சுதிப்தா சென்குப்தா, கடலியல் அறிஞர் அதிதி பந்த் ஆகிய இரு பெண்மணிகள் இருந்தனர் அன்றோ!

தோழியரே, புவியியலை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். பெற்றோர்களே, எங்களுக்குப் பயணச்சீட்டு வாங்கித் தர வேண்டாம். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடாமல் மேலே படிக்க விடுங்கள். துருவத்திற்கு வழியை நாங்களே கண்டுகொள்வோம்.